கேட்டால் தேயும்

பி.காம். படித்தவர்களுக்கு முதல் வருஷத்திலேயே ஒரு சோக வார்த்தையைச் சொல்லித் தந்துவிடுவார்கள். தேய்மானம். லட்ச ரூபாய்க்கு மிஷின் வாங்கிப் போடுகிறீர்கள். ஒரு வருஷம் ஓட்டினால் புத்தகத்தில் அது தொண்ணூறாயிரம். இன்னொரு வருஷம் ஓட்டினால் எண்பத்தோராயிரம். இப்படியே இறங்கி இறங்கி, ஒருநாள் பேரீச்சம்பழக்காரரின் தள்ளுவண்டியில் ஏறிப் போய்விடும். இதில் யாருக்கும் வருத்தமில்லை. மிஷின் தேய்ந்தால்தானே சரக்கு வரும்?

வாத்தியார் சொல்லித் தராத கேள்வி ஒன்று உண்டு. நமக்குச் சந்தோஷம் தருகிற பொருள், அந்தச் சந்தோஷத்தைத் தரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருந்தால் அதை என்ன செய்வது? அனுபவிப்பதா, காப்பாற்றுவதா?

‘இதெல்லாம் ஒரு கேள்வியா சார்?’ என்று கேட்பவர்கள், வீட்டு பீரோவைத் திறந்து பாருங்கள். கல்யாணத்தன்று ஒருமுறை கட்டிய பட்டுப்புடவை, மடித்த மடிப்பிலேயே கிழிந்துகொண்டிருக்கும். விருந்தாளிக்கென்று வாங்கிய பீங்கான் கோப்பைகள் இருபது வருஷமாக விருந்தாளிக்குக் காத்திருக்கும்.

இந்தக் கேள்வி அப்பட்டமாகத் தெரிகிற இடம் இசைத்தட்டு. அதிலும் பழைய ராக் இசைத்தட்டுகள். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் வந்த பீட்டில்ஸ், ரோலிங் ஸ்டோன்ஸ், பிங்க் ஃபிளாய்ட் வகையறா. செத்துப்போன சமாசாரம் என்று எல்லோரும் தலைமுழுகிய இந்தத் தட்டுகள் திரும்பி வந்துவிட்டன. அமெரிக்காவில் 2022-ல் 4 கோடியே 10 லட்சம் தட்டுகள் விற்றன. சி.டி.க்கள் 3 கோடியே 30 லட்சம்தான். எண்ணிக்கையில் தட்டு, சி.டி.யை முந்தியது 1987-க்குப் பிறகு அதுதான் முதல்முறை.

முதலில் தட்டு எப்படித் தேய்கிறது என்று பார்த்துவிடலாம். நீளமாக ஓடும் எல்.பி. தட்டு 1948-ல் வந்தது. நிமிஷத்துக்கு முப்பத்துமூன்றேகால் சொச்சம் சுற்று. ஒரு பக்கம் இருபது, இருபத்திரண்டு நிமிஷம். அதன் மேல் பல நூறு வட்டங்கள் இருப்பது போலத் தோன்றும். உண்மையில் இருப்பது ஒரே ஒரு பள்ளம். வெளி ஓரத்தில் ஆரம்பித்து நடுவுக்குச் சுருண்டுகொண்டே போகும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தச் சுருளை நீட்டிப் பிடித்தால் கிட்டத்தட்ட அரை கிலோமீட்டர் வரும். பள்ளத்துக்கு இரண்டு சுவர். ஒரு சுவரில் இடது காதுக்கான ஒலி, மறு சுவரில் வலது காதுக்கானது. சுவரின் நெளிவுகளில் வைர ஊசி உரசிப் போகிறது. அது நடுங்குகிற நடுக்கம்தான் மின்சாரமாகி, ஆம்ப்ளிஃபயர் வழியாகப் பாட்டாக வருகிறது.

நல்ல கருவியில் ஊசி அழுத்துகிற எடை ஒன்றரை, இரண்டு கிராம்தான். ஆனால் அது தொடுகிற இடம் கண்ணுக்கே தெரியாத அளவு சின்னது. அதனால் அந்த இடத்தில் விழும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு டன் கணக்கில் வரும். அரை கிலோமீட்டர் தூரம் இந்தக் கனத்தை இழுத்துக்கொண்டு போனால் என்ன ஆகும்? முதலில் கீச்சுக் குரல்கள் மங்கும். அப்புறம் உச்சத்தில் கரகரப்பு. ரொம்பவும் ஓடிய தட்டு, பார்க்கவே சாம்பல் பூத்த மாதிரி இருக்கும்.

தாத்தா காலத்து கிராமபோனில் இன்னும் மோசம். அரக்குத் தட்டு, எஃகு ஊசி. அதில் கையாண்ட தந்திரம் வேடிக்கையானது. தட்டின் கலவையிலேயே அரைக்கிற பொடியைச் சேர்த்து, ஊசியைத் தேய்த்துப் பள்ளத்துக்கு ஏற்ற வடிவமாக்கிக் கொள்வார்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு ஊசி. மூன்று நிமிஷப் பாட்டு முடிந்ததும் தூக்கிப் போட்டுவிட வேண்டும் என்பது விதி. சின்னத் தகர டப்பியில் இருநூறு ஊசிகள் விற்றார்கள். ஊசி போனால் போகட்டும், தட்டு பிழைக்கட்டும்! நம்மவர்கள் விட்டார்களா? ஒரே ஊசியில் ஒரு மாசம் ஓட்டினார்கள். தட்டு போயிற்று.

சரி, பெருமாநல்லூருக்கு வருவோம். திருப்பூருக்கு வடக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். சேலம்-கொச்சி நெடுஞ்சாலையைத் திருப்பூர்-கோபி ரோடு குறுக்கே வெட்டுகிற இடம். பங்குனியில் கொண்டத்துக் காளியம்மன் கோயில் குண்டத்துக்குக் கூட்டம் நெரியும். மற்ற மாதங்களில் நிட்டிங், கட்டிங், தையல், பிரிண்டிங் என்று ஊர் முழுக்க ஜாப் ஒர்க். இங்கே பஸ் ஸ்டாப்பில் நிற்கிற பையன்கள் மார்பில் ரோலிங் ஸ்டோன்ஸின் சிவப்பு நாக்கையும், பிங்க் ஃபிளாய்டின் முக்கோணக் கண்ணாடியையும் பார்க்கலாம். எல்லாம் ஏற்றுமதியில் கழித்துக் கட்டிய செகண்ட்ஸ். காதர்பேட்டையில் மலிவாகக் கிடைக்கும். ‘பாட்டே கேட்காமல் பனியன் மட்டும் போடுகிறான் பார்’ என்று கேலி செய்கிற ராக் ரசிகர்கள் உண்டு. எனக்கு அந்தக் கேலி பிடிக்காது. தைத்த ஊர்க்காரனுக்குப் போட்டுக்கொள்ள உரிமை இல்லையா என்ன!

அந்த நாக்கை அச்சடித்த ஒருவரை எனக்குத் தெரியும். ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறை வைத்திருக்கிறார். வயசு அறுபத்தாறு. தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் ஹாலந்துக்காரர் ஒருவரின் ஆர்டர் வந்திருக்கிறது. சிவப்பு, வெள்ளை, கறுப்பு. மூன்று கலர், மூன்று ஸ்கிரீன். ஒரு கலர் அரை மில்லி மீட்டர் நகர்ந்தாலும் உதடு கோணிக்கொள்ளும். ‘‘இதென்ன கருமம், டாக்டர்கிட்டக் காட்டற மாதிரி நாக்கை நீட்டிட்டு இருக்குதுன்னு கேட்டேனுங்க. அந்த மனுசன் சிரிச்சுட்டுப் போயிட்டாரு. அடுத்த சீசனுக்கு வரப்ப பெட்டிக்குள்ள ஒரு தட்டை வெச்சுக் கொண்டாந்துட்டாரு’’ என்றார் என்னிடம்.

வந்தது ‘ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்’. 1971-ல் வெளியான ரோலிங் ஸ்டோன்ஸ் ஆல்பம். நாக்குச் சின்னம் முதலில் வெளிவந்தது அதோடுதான். அட்டையில் ஒரு ஜீன்ஸ் பேன்ட் படம். அதில் நிஜமான ஜிப். ஓவியர் ஆண்டி வார்ஹோலின் யோசனை. யோசனை பிரமாதம். ஆனால் தட்டுகளை அடுக்கி அனுப்பியபோது, ஒன்றின் ஜிப் அடுத்த தட்டை அழுத்தி, இரண்டாம் பக்கத்தில் ‘சிஸ்டர் மார்ஃபீன்’ பாட்டு இருக்கிற இடத்தில் பள்ளம் விழுந்துவிட்டது. கடைசியில், ஜிப்பைப் பாதி இறக்கி அனுப்பினார்கள். அழுத்தினாலும் நடுவில் இருக்கிற லேபிளில்தானே அழுத்தும்! இதை நான் சொன்னதும் பிரிண்டிங்காரர் முகத்தில் ஒரு தொழில் திருப்தி. ‘‘பேக்கிங்கில கோட்டை விட்டிருக்கறாங்க. இங்க குடுத்திருந்தா நாங்க பண்ணியிருப்பமுங்க’’ என்றார்.

இன்னொன்றும் சொன்னேன். அந்த நாக்கை 1970-ல் வரைந்தவர் ஜான் பாஷ் என்கிற லண்டன் ஓவியக் கல்லூரி மாணவர். கூலி 50 பவுண்டு. பாடகர் மிக் ஜாகர் அவருக்கு மாதிரியாகக் காட்டியது ஒரு சாமி படம். நாக்கைத் தொங்கவிட்ட காளி! 2008-ல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் அந்த மூல ஓவியத்தை 90,000 டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது.

மனுஷர் கொஞ்ச நேரம் பேசவில்லை. ‘‘அப்ப நம்ம ஆத்தா நாக்கைத்தான் இத்தன வருசமா அச்சடிச்சுச் சீமைக்கு அனுப்பிட்டு இருந்தேனாக்கு!’’

தட்டு வந்தபோது அவரிடம் பிளேயர் இல்லை. கேசட் வந்து தொழிலைப் படுக்கவைத்த காலம் அது. அவினாசிப் பக்கம் சவுண்ட் சர்வீஸ் ஒன்றைக் காலி செய்தபோது, ஒரு பழைய கராட் டெக்கும் காஸ்மிக் ஆம்ப்ளிஃபயரும் வாங்கினார். முதல் தடவை ஒரு வார்த்தை புரியவில்லையாம். ‘‘ஆனா அந்தக் கிடார் வருது பாருங்க தம்பி, எங்கப்பன் தறி ஓட்டற மாதிரியே இருந்துச்சுங்க. ஒரே அடி. அடிச்சுட்டே இருக்குது. நடுவால ஒண்ணு மட்டும் லேசாத் தப்பும். அந்தத் தப்புதானுங்க ருசி.’’ ராக் இசையைப் பற்றி இதைவிட நல்ல விமர்சனம் நான் படித்ததில்லை.

அப்புறம் அது வியாதியாகவே ஆகிவிட்டது. ஹாலந்துக்காரர் சீசனுக்கு ஒன்று கொண்டுவருவார். இவரும் சென்னைக்கு, பெங்களூருக்குப் போனால் பழைய தட்டுக் கடைகளில் துழாவுவார். பிற்பாடு புது அச்சுகள் வர ஆரம்பித்ததும் ஜோடியாக வாங்கத் தொடங்கினார். ஒன்று கேட்க, இன்னொன்று உறை பிரிக்காமல் வைக்க. தட்டுச் சேகரிப்பவர்களிடம் உலகம் முழுக்க இந்தப் பழக்கம் உண்டு.

ஏனென்றால் சந்தையின் கணக்கு அப்படி. பழைய தட்டுக்குத் தரம் பிரித்து விலை போடுவார்கள். உறை பிரிக்காததற்கு ஒரு விலை, ஒன்றிரண்டு தடவை ஓடியதற்கு ஒரு விலை, கீறலுக்கு ஒரு விலை. எவ்வளவு கேட்டீர்களோ அவ்வளவு நஷ்டம். பீட்டில்ஸின் வெள்ளை அட்டை ஆல்பம் 1968 நவம்பரில் வந்தது. முதல் பதிப்பில் ஒவ்வொரு பிரதிக்கும் வரிசை எண் உண்டு. 0000001 எண் பிரதி டிரம்மர் ரிங்கோ ஸ்டாருடையது. அது லண்டனில் ஒரு வங்கி லாக்கரில் 35 வருஷத்துக்கு மேல் இருந்தது. 2015 டிசம்பரில் 7,90,000 டாலருக்கு ஏலம் போனது. இதில் பெரிய வேடிக்கை, அந்த ஆல்பத்தின் பாட்டுகளில் பெரும்பகுதி நம்ம ரிஷிகேசத்தில் மகரிஷி மகேஷ் யோகியின் ஆசிரமத்தில் உட்கார்ந்து எழுதியவை. பற்றை விடுவதற்குப் போன இடத்தில் பிறந்த பாட்டு, லாக்கரில் போய்ப் படுத்துக்கொண்டது.

பிரிண்டிங்காரரின் மகன் எம்.பி.ஏ. ஒரு ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர். கெட்டிக்காரப் பையன். ‘‘நீங்க ஊசி வெக்கறப்பெல்லாம் காசு எறங்குதுங்கப்பா. அதே பாட்டு போன்ல இருக்குது. போன்ல கேளுங்க, தட்டை அப்படியே வையுங்க’’ என்பது அவன் கட்சி. சிரித்துவிட்டுப் போகக்கூடிய வாதம் இல்லை இது. தட்டில்தான் ஒலி சுத்தமாக இருக்கும், டிஜிட்டலில் உயிர் இல்லை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. தட்டின் வெளி ஓரத்தில் ஊசிக்கு அடியில் நொடிக்கு அரை மீட்டர் ஓடுகிற பள்ளம், நடுவுக்கு வரும்போது இருபது சென்டிமீட்டர் சொச்சம்தான் ஓடுகிறது. அதனால் கடைசிப் பாட்டின் கூர்மை குறையத்தான் செய்யும். ‘ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்’ தடாலடியான ‘பிரவுன் ஷுகரில்’ ஆரம்பித்து, மெதுவான ‘மூன்லைட் மைலில்’ முடிவது தட்டுக்குத் தோதான வரிசை.

தூய்மைவாதிகளின் காது பற்றி ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் மொபைல் ஃபிடெலிட்டி என்ற கம்பெனி, பழைய ஆல்பங்களை மூல டேப்பிலிருந்து தட்டாகப் போட்டு அதிக விலைக்கு விற்பது. டிஜிட்டல் வாடையே படாதது என்று ரசிகர்கள் சத்தியம் செய்தார்கள். நடுவில் டிஜிட்டல் பிரதி எடுத்துத்தான் பல தட்டுகளைப் போட்டிருக்கிறார்கள் என்பது 2022-ல் வெளியே வந்தது. பல வருஷமாக நடந்திருக்கிறது. அத்தனை பொன் காதுகளில் ஒன்றுக்கும் தெரியவில்லை!

ஆக, ஒலிக்காகத் தட்டு என்பது நிற்காது. பின்னே எதற்கு?

எனக்குத் தோன்றுவது இது. போனில் கேட்கிற பாட்டு என்னை எதுவும் கேட்பதில்லை. நான் குளிக்கப் போனாலும் அது பாடும். கோடிப் பாட்டு இருக்கிறது, ஆயிரம் தடவை கேட்டாலும் மாற்றுக் குறையாது. தட்டு அப்படி இல்லை. நீங்கள் எழுந்து போய் எடுத்துத் துடைத்து வைக்க வேண்டும். இருபது நிமிஷத்தில் திருப்பிப் போட வேண்டும். அதைவிட முக்கியம், ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சம் செலவாகிறது என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் போடுகிறீர்கள். அந்த இருபது நிமிஷத்துக்கு அதனால் ஒரு கனம் வந்துவிடுகிறது. பல்லுப் போன பாட்டி பேசும்போது போனை எடுத்துப் பார்க்கத் தோன்றாது இல்லையா, அது மாதிரி.

இதற்கு எதிர்க்கட்சியும் வலுவானது. எல்லோரும் ஆசை தீரக் கேட்டுத் தேய்த்திருந்தால், நமக்கு எஸ்.ஜி. கிட்டப்பாவின் குரலே கிடைத்திருக்காது. பேசும்படத்தில் நடிப்பதற்கு முன்னாலேயே 1933-ல் போய்விட்டார். அவர் குரல் இருப்பது 78 சுற்றுத் தட்டுகளில் மட்டும்தான். கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளின் இளவயதுக் குரலும் அப்படித்தான். சென்னையில் வி.ஏ.கே. ரங்காராவ் போன்றவர்கள் ஆயிரக்கணக்கில் இந்தத் தட்டுகளைத் தேடிச் சேர்த்தார்களே, அவர்களைக் கருமி என்று சொல்ல முடியுமா? கடைசிப் பிரதியைத் தன் சந்தோஷத்துக்காகத் தேய்ப்பது, விதைநெல்லைச் சோறாக்குவது.

இப்போது இதற்கு வழி வந்துவிட்டது. ஊசி வைக்காமலே பள்ளத்தைப் படமெடுத்து ஒலியை மீட்கிற கருவியை அமெரிக்காவில் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியிருக்கிறார்கள். ஒரு பிரதியை அப்படிக் காப்பாற்றிவிட்டால், மீதியைக் கேட்பதில் பாவமில்லை. ஆனால் லாக்கரில் கிடக்கிற லட்சக்கணக்கான தட்டுகள் எதற்கும் கடைசிப் பிரதி அல்ல. அவை வரலாற்றுக்காகக் காத்திருக்கவில்லை. விலைக்காகக் காத்திருக்கின்றன. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முக்கியம்.

நம் ஊர்களில் அதிகம் ஓடிய தட்டுகள் எவை? கோயில் நோம்பிக்குக் குழாய் கட்டி எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டுகளைப் போட்டார்களே, அவை. விடிகாலையில் ஆரம்பித்தால் சாமம் வரை. ஊரையே எழுப்பி, குண்டம் இறங்க வைத்து, கிழவிகளுக்கு அருள் வரவைத்த தட்டுகள். இன்று அவற்றைச் சந்தைக்குக் கொண்டுபோனால் கால் காசு பெறாது. சாம்பல் பூத்துக் கரகரவென்று கிடக்கும். வேலையைச் செய்து முடித்தவற்றுக்கு விலை இல்லை; வேலையே செய்யாததற்கு லட்சம். பி.காம். படித்த எனக்கே இந்தக் கணக்கு உதைக்கிறது.

அதே கணக்குப் புத்தகத்தில் இன்னொன்றும் உதைக்கும். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷினுக்குத் தேய்மானம் எழுதுவார்கள். அதன் முன்னால் பத்து மணி நேரம் உட்காருகிற அக்காவின் முதுகுக்கும், செக்கிங்கில் நூல் பிசிறு தேடுகிற பெண்ணின் கண்ணுக்கும் எழுதுவதில்லை. தேயாமல் இருக்கலாமா என்று யோசிப்பதே ஒரு வசதி. அவர்களுக்கு அது கிடையாது.

வள்ளுவர் இதைப் பற்றி ‘நன்றியில் செல்வம்’ என்று ஓர் அதிகாரமே எழுதியிருக்கிறார். 101-வது. சேர்த்து வைத்தவன் எவ்வளவு சேர்த்தான் என்று அவர் பார்ப்பதில்லை. தானும் அனுபவித்தானா, பிறருக்கும் கொடுத்தானா? இரண்டும் இல்லையென்றால் கோடி இருந்தாலும் இல்லாதது மாதிரிதான் என்கிறார். நான் கவனித்தது, அனுபவிப்பதையும் கொடுப்பதையும் அவர் ஒரே தட்டில் வைப்பது. அனுபவிப்பதைச் சிற்றின்பம் என்று ஒதுக்கவில்லை.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குகளுக்கு 50 சதவீத வரி போட்டபோது திருப்பூர் ஆடிப்போனது தெரியும். ஆர்டர்கள் நின்றன. ஜாப் ஒர்க் செய்கிற சின்னப் பட்டறைகளுக்குத்தான் முதல் அடி. பிரிண்டிங்காரர் தட்டுகளை விற்க முடிவு செய்தார். பெங்களூரிலிருந்து ஒருவர் வந்து உறை பிரிக்காதவற்றை ஒட்டுமொத்தமாக எடுத்துக்கொண்டு போனார். பட்டறையில் மிச்சமிருந்த நாலு பேருக்குத் தீபாவளி போனஸ் கொடுக்கிற அளவுக்குத் தேறியது. கேட்டுத் தேய்ந்தவற்றுக்கு அவர் சொன்ன விலை கேவலமாக இருந்ததாம். இவரும் தரவில்லை.

‘‘வருத்தமாக இல்லையா?’’ என்று கேட்டேன்.

‘‘எதுக்குங்க? போனது பூராம் நான் கேட்காதது. எனக்கு அதுல என்ன பாத்தியதை இருக்குதுங்க? கேட்டதெல்லாம் இங்கதானே இருக்குது.’’ மகன் மட்டும், ஜோடியாக வாங்கியபோது கிண்டல் செய்ததற்காக இப்போது கொஞ்சம் அடங்கியிருக்கிறான். அவன் சொன்னபடி பார்த்தால், பிரிக்காமல் வைத்ததுதானே ஆபத்துக்கு உதவியது! எனக்கும் இது தர்மசங்கடம்தான். என் கட்சிக்கு ஆதரவாகச் சொல்ல வந்த கதை, பாதி அவன் கட்சிக்குப் போய்விட்டது. பரவாயில்லை. அந்தப் பணம் போனஸாகப் போய்ச் சேர்ந்ததால், வள்ளுவரும் ஆட்சேபிக்கமாட்டார்.

உலகத்திலேயே பத்திரமான தட்டு எது தெரியுமா? 1977-ல் வாயேஜர் விண்கலங்களில் வைத்து அனுப்பினார்களே, அந்தத் தங்கத் தகடு. வாயேஜர் ஒன்று இப்போது 2,400 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால். தகட்டில் சக் பெர்ரியின் ‘ஜானி பி. கூட்’ என்ற ராக் பாட்டு உண்டு, நம்ம கேசர்பாய் கேர்க்கரும் உண்டு. 55 மொழிகளில் வணக்கம் உண்டு. தெலுங்கு, கன்னடம், சிங்களம் எல்லாம் இருக்கிறது. தமிழ் இல்லை (யாராவது மனு போடுங்கள்). அந்தத் தகடு கோடிக்கணக்கான வருஷம் கெடாது என்கிறார்கள். ஆனால் அனுப்பியவர்கள் தகட்டோடு ஊசியையும் அதைப் போடும் முறையையும் சேர்த்தே வைத்தார்கள். யாராவது கண்டெடுத்துப் பத்திரமாக மாட்டிவைக்க வேண்டும் என்று அவர்கள் நினைக்கவில்லை.

பிரிண்டிங்காரரின் கண்ணாடி அலமாரியில் ஒரே ஒரு தட்டு மட்டும் இன்னும் உறை பிரிக்காமல் இருக்கிறது. ‘எக்ஸைல் ஆன் மெயின் ஸ்ட்ரீட்’. அதே ரோலிங் ஸ்டோன்ஸ், 1972. பெங்களூர்க்காரர் எவ்வளவோ கேட்டும் அதை மட்டும் தரவில்லை. 2019-ல் ஹாலந்துக்காரர் கடைசியாக வந்தபோது கொடுத்தது. கொரோனா சமயத்தில் அவர் தவறிவிட்டார்.

விற்கிறதுக்கு இல்லை. சரி, கேட்கலாமே என்றேன்.

‘‘கேட்கோணும் தம்பி. இதையும் பிரிச்சுட்டா அப்புறம் அவருகிட்ட இருந்து வரதுக்கு ஒண்ணுமில்லீங்க பாருங்க’’ என்றார். வள்ளுவர் கணக்கில் இதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று எனக்குப் பிடிபடவில்லை. ‘‘அடுத்த ஞாயித்துக்கிழமை வாங்க, பிரிச்சுப் போட்டுரலாம்’’ என்று அவரே சமாதானமும் சொன்னார்.

மூன்று வருஷமாக அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்றுதான் சொல்கிறார்.